முந்திரித் தோப்பில் சொந்த வீடு: ஜே.சி.பி.யைக் கூப்பிடும் முன் 25 குறிப்புகள்

அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்தைச் சுற்றிப் போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். நேற்றுவரை முந்திரித் தோப்பாக இருந்த இடம் இன்று வழித்துவிட்ட செம்மண் பொட்டலாகக் கிடக்கும். நடுவில் நான்கு சவுக்குக் குச்சி, அதில் மஞ்சள் துணி. "வீடு கட்டப்போறோம்" என்பார்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் வீடு நிற்கும். வாசலில் நிழலுக்காகத் தகரக் கொட்டகையும் நிற்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். முந்திரியை ஏழு மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஒரு மரத்துக்குச் சுமார் 530 சதுர அடி. 20 சென்ட் மனை என்றால் 8,712 சதுர அடி. அதில் ஏறத்தாழ 16 மரங்கள் நிற்கும். 1,000 சதுர அடியில் வீடு கட்ட இரண்டு மரம் போனால் போதும். வேலைக்கு இடம் விட்டாலும் நான்குதான். மீதிப் பன்னிரண்டும் போவது வீட்டுக்காக அல்ல. ஜே.சி.பி. வந்த நாளில் "எடுத்தா எல்லாத்தையும் எடுத்துடலாம், லெவல் ஆயிடும்" என்று யாரோ சொன்னதற்காகத்தான். அந்தப் பன்னிரண்டைக் காப்பாற்றிக்கொண்டே நல்ல வீடு கட்ட இதோ சில குறிப்புகள்.

மனை பார்க்கும்போது

1. ஒரே மனையை இரண்டு முறை பாருங்கள். ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் ஒருமுறை. சித்திரை மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை. முதல் தடவை போகும்போது தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். இரண்டாவது தடவை எந்த மரத்தடியில் ஆடும் மாடும் படுத்திருக்கின்றன என்று கவனியுங்கள். உங்கள் திண்ணைக்கு இடம் அதுதான்.

2. தோப்பு மனைக்குக் காகிதம் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். தோப்பைத் துண்டுபோட்டு விற்கிற மனையாக இருந்தால் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 தான் எல்லைக்கோடு. அதற்குப் பிறகு பிரித்த மனை என்றால் பதிவு, வங்கிக் கடன், கட்டட அனுமதி மூன்றும் இழுபறியாகும். நிலம் விவசாய நிலமாகப் பதிவாகியிருந்தால், வீட்டுப் பயன்பாட்டுக்கு மாற்றுவதைப் பற்றி நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. சுயசான்று முறையில் சுலபமாக அனுமதி வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அந்த முறை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் மாடியுமோ கட்டுகிறவர்களுக்கானது. 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட். 10 சென்ட், 20 சென்ட் என்று தோப்பாக வாங்குகிறவர்கள் வழக்கமான அனுமதிக்கே போக வேண்டியிருக்கும். அதற்கான நாட்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடைக்கால் நாள் குறியுங்கள்.

4. பக்கத்து நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கம் தனியார் தோப்புகளுக்கு நடுவே வனத்துறை நிலமும் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்தின் நிலமும் கலந்து கிடக்கும். மரமும் மரமும் ஒட்டி நிற்கும்போது எல்லை கண்ணுக்குத் தெரியாது. சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகே வேலி போடுங்கள். தனியார் தோப்பாக இருந்தால் முந்திரி பூக்கும் காலத்தில் மருந்து அடிப்பார்களா, எந்த மாதம் அடிப்பார்கள் என்றும் கேட்டுவையுங்கள். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்ததில் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. சமையலறை ஜன்னலை மருந்தடிக்கும் பக்கம் பார்த்து வைக்க வேண்டாம்.

வரைபடம் போடும்போது

5. இன்ஜினீயரைக் கூப்பிடும் முன் மரங்களுக்கு நம்பர் போடுங்கள். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண் எழுதி, ஒரு நோட்டில் நான்கு விவரம் குறியுங்கள்: என்ன மரம், அடிமரச் சுற்றளவு, உயரம், கிளை எத்தனை அடி பரந்திருக்கிறது. டேப்பால் எல்லைக் கல்லிலிருந்து அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வையுங்கள். இந்தத் தாளைக் கையில் கொடுத்த பிறகு வீட்டை வரையச் சொல்லுங்கள். வெறும் மனை அளவைக் கொடுத்தால் அவர் வெறும் மனைக்குத்தான் வீடு வரைவார்.

6. எல்லா மரமும் வீட்டருகே நிற்கத் தகுந்ததல்ல. வேம்பு, புங்கன், நெல்லி போன்றவை வீட்டுக்குத் துணை. பலா நல்ல நிழல் தரும். ஆனால் பழம் விழுகிற எல்லைக்குள் பாதையோ கார் நிறுத்தமோ வேண்டாம். தைலமரம் காற்றில் கிளை ஒடித்துப் போடும், கூரைக்குப் பக்கத்தில் கூடாது. முந்திரியில் அடிமரத்தில் துளையும் பிசினும் மரத்தூளும் தெரிந்தால் தண்டுத் துளைப்பான் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வெட்டுகிற இரண்டு மூன்று மரம் அவையாக இருக்கட்டும். வீட்டின் இடத்தை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

7. பனை நின்றால் அதற்குத் தனி மரியாதை. அது நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். சந்தனமோ செம்மரமோ தானாக முளைத்து நின்றால், வனத்துறையிடம் சொல்லாமல் கோடாரி வைக்காதீர்கள். மனைக்கு வெளியே சாலையோரப் புறம்போக்கில் நிற்கிற மரம் உங்கள் வாசலை மறைத்தாலும் உங்களுடையது ஆகாது.

8. சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போகும் என்று எண்ணி வடக்குச் சுவரை மறந்துவிடுகிறோம். ஆண்டிமடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் பதினொன்றேகால் பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நம் தலைக்கு வடபுறமாகவே போகும். மாலையில் வடமேற்கில் இறங்கும். ஆகவே கோடை வெப்பத்தைத் தடுக்க மேற்கிலும் வடமேற்கிலும் நிற்கிற மரங்களே காவல். அந்த இரண்டு பக்கத்து மரங்களைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காதீர்கள். மார்கழியில் தெற்கு வெயில் சாய்ந்து வீட்டுக்குள் வரும். அது வேண்டிய வெயில்.

9. நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தார்கள். கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. படுக்கையறைக்குத் தென்றல் வர வேண்டும். ஆகவே தென்புறம் மரம் இருந்தாலும் அடிக்கிளைகளை எட்டடி உயரம்வரை கழித்துவிட்டுக் காற்றுக்கு வழிவிடுங்கள். முந்திரி தரையோடு கவிந்து வளரும், கழிக்காவிட்டால் சுவர்போல மறைத்துவிடும். ஜன்னலுக்கு எதிரே இன்னொரு ஜன்னலோ கதவோ இருந்தால்தான் வந்த காற்று வெளியே போகும். வாஸ்துக்காரர் வந்து திசை சொல்வதற்கு முன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மனையில் நான்கு இடத்தில் வைத்துப் பாருங்கள்; புகை சொல்லிவிடும்.

10. நல்ல மரம் ஒன்று மனையின் நடுவில் நின்றால் அதைச் சுற்றி வீட்டை 'ப' வடிவில் வளையுங்கள். பழைய முற்றம் வைத்த வீட்டின் புது வடிவம் இது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) நிலத்தின் சரிவையும் மரத்தையும் மாற்றாமல் அவற்றின் போக்கில் வீடு கட்டிப் பெயர் பெற்றவர். அவர் சொந்த வீடே ஒரு பாறைச் சரிவில் படிப்படியாக வளர்ந்ததுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மரத்தைச் சுவருக்குள்ளோ கான்கிரீட் ஓட்டைக்குள்ளோ இறுக்கிவிடாதீர்கள். காற்றில் மரம் ஆடும், வயதில் பெருக்கும். அடிமரத்தைச் சுற்றி நாலாபுறமும் குறைந்தது ஆறடி மண் திறந்திருக்க வேண்டும்.

11. வீடு யாருக்கு என்று எழுதிவைத்துக்கொண்டு அறைகளைப் பிரியுங்கள். அப்பா அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில், கழிவறை ஒட்டிய, படி இல்லாத அறை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வருடத்துக்கு ஒரு மாதம் வருவதற்காக மாடியில் பெரிய அறை கட்டிப் பூட்டிவைப்பதைவிட, வெளிப்படிக்கட்டும் கம்பி நீட்டமும் விட்டுவைத்தால் தேவைப்படும்போது எழுப்பிக்கொள்ளலாம். தோப்பு உள்ள குடும்பத்துக்கு நகரத்துப் பிளானில் இல்லாத மூன்று இடங்கள் வேண்டும்: முந்திரிக்கொட்டை காயவைக்க வெயில் படுகிற ஒரு களம், மூட்டை அடுக்கக் காற்றோட்டமான ஓர் அறை, வேலை முடிந்து கைகால் கழுவ வெளியில் ஒரு குழாயடி. கொட்டையின் தோலில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். ஆகவே கொட்டை வறுப்பதும் உடைப்பதும் குழந்தைகள் விளையாடும் பக்கம் இருக்கக் கூடாது.

12. தோப்பு வீட்டில் வெயில் குறையும், வெளிச்சமும் குறையும். ஜன்னல் பரப்பு, அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கட்டும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி ஜன்னல். உள்சுவருக்கும் சீலிங்குக்கும் வெள்ளையே நல்லது. சமையலறையைக் கிழக்கே, மரமில்லாத பக்கம் வைத்தால் காலையில் விளக்குப் போடாமல் தோசை வார்க்கலாம்.

கடைக்கால் போடும்போது

13. அரியலூர் மாவட்டம் முழுக்க ஒரே மண் அல்ல. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண். மேற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் பல ஊர்களில் கரிசல். செம்மண்ணில் நல்ல கெட்டி கிடைக்கும்வரை தோண்டிச் சாதாரண கடைக்கால் போடலாம். கரிசல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். பக்கத்தில் மரமும் ஈரத்தை உறிஞ்சினால் சுவர் கீறிவிடும். அங்கே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ்போலப் பருத்த பைல் கடைக்கால்தான் சரி. வரைபடத்தை ஊர்விட்டு ஊர் காப்பியடிக்கலாம், கடைக்காலைக் காப்பியடிக்க முடியாது. மனையின் மூன்று மூலைகளில் ஆறடிக் குழி எடுத்து இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.

14. காக்க நினைக்கும் மரத்தின் பக்கம் நீளவாக்கில் வாய்க்கால்போலக் கடைக்கால் தோண்டினால் வேரில் பாதி போய்விடும். அந்தப் பக்கம் மட்டும் பில்லர் குழி எடுத்து, தரைமட்டத்துக்குச் சற்று மேலே பீம் ஓட்டச் சொல்லுங்கள். பெரிய வேர் எதிர்ப்பட்டால் குழியை ஓரடி நகர்த்தலாம். இந்த இடத்தில் ஜே.சி.பி. வேண்டாம். இரண்டு ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்துத் தோண்டட்டும். இரண்டு நாள் கூலி கூடும், முப்பது வருட மரம் நிற்கும்.

15. கறையான்தான் செம்மண் தோப்பின் மூத்த குடி. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையையும் வேரையும் மண்ணுக்குள் விட்டு மேலே தரை போட்டுவிடுவதுதான் பெரிய தப்பு. அதுவே கறையானுக்கு விருந்து. வீடு வரும் இடத்தில் உள்ள வேர் முழுவதையும் எடுத்து, குழியை நல்ல மண்ணால் நிரப்பித் திமிசுக் கட்டையால் இடியுங்கள். சென்டரிங் பிரித்த துண்டுப் பலகை, சவுக்குக் குச்சி எதையும் பேஸ்மென்ட் நிரப்பில் போட விடாதீர்கள். கடைக்கால் குழியிலும் தரைக்கு அடியிலும் ஐ.எஸ். 6313 தரப்படி கறையான் மருந்து ஊற்றச் சொல்லுங்கள். கிணறும் போர்வெல்லும் பக்கத்தில் இருந்தால் அதை மருந்தடிப்பவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

16. கட்டட வேலை முடியும்வரை மரத்துக்கும் ஒரு வேலி வேண்டும். கிளை பரந்திருக்கும் வட்டம்வரை நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். அதற்குள் ஜல்லி கொட்டக் கூடாது, கம்பி சாய்க்கக் கூடாது, அடிமரத்தில் மண் குவிக்கக் கூடாது. கலவைச் சட்டி கழுவிய தண்ணீரை அங்கே ஊற்றவே கூடாது. சிமென்ட்டின் காரம் வேரைக் கெடுத்துவிடும். வீடு கட்டும்போது தப்பித்த மரம் இரண்டு வருடம் கழித்துக் காரணம் தெரியாமல் பட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இவைதான்.

17. தோப்புக் கிணற்றில் விவசாய இலவச மின் இணைப்பு இருக்கும். "அதுலேயே தண்ணி எடுத்துக்கலாம்" என்று மேஸ்திரி சொல்வார். வேண்டாம். கட்டட வேலைக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். விவசாய மின்சாரத்தில் வீடு கட்டுவது தெரிந்தால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

சுவரும் கூரையும்

18. சுவருக்கு எந்தக் கல் என்பதை வீட்டுக்கு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சூளைச் செங்கல் கிடைக்கிறது. நெய்வேலிச் சாம்பலால் செய்த ஃபிளை ஆஷ் கல்லும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை லாரி பேக்கர் பரப்பினார். கல்லில் கால் பங்கு மிச்சம், சுவருக்குள் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டுமே செய்யுங்கள். உங்கள் கடைக்கால் செம்மண்ணிலேயே கல் அறுக்கவும் முடியும். ஆரோவில்லில் ஐந்து விழுக்காடு அளவில் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல்லால் பல மாடி வீடுகளே கட்டியிருக்கிறார்கள். அங்கே கிடைப்பதும் நம்முடையது போன்ற செம்மண்தான்.

19. சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு மூட்டையை மூன்று மாதம் அடுக்கிவைக்கத் தேவையே இல்லை. மூன்று மாதம் கிடந்த சிமென்ட் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. தோப்பின் ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம் கட்டிதட்டும். வாரத்துக்கு வேண்டியதை வாரத்துக்கு வாங்குங்கள். மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் வருடத்தையும் பார்த்து இறக்குங்கள். தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். மர நிழலில் கான்கிரீட் மெதுவாகக் காய்வது நல்லதே. அதற்காகத் தண்ணீர் விடுவதைக் குறைக்காதீர்கள். பத்து நாளாவது ஈரம் நிற்கட்டும்.

20. வெட்டிய மரத்தை விறகுக்காரருக்குக் கொடுப்பதற்கு முன் தச்சரிடம் காட்டுங்கள். பலா கதவுக்கும் அலமாரிக்கும் ஆகும். வேம்பு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஆகும். பூச்சி எளிதில் தொடாது. முந்திரி அடுப்புக்குத்தான். பச்சை மரத்தில் கதவு செய்தால் அடுத்த கோடையில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே கடைக்காலுக்கு மரம் வெட்டிய கையோடு பலகையாக அறுத்து, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்கிவிடுங்கள். கூரை போட்டு முடிக்கிற மாதங்களில் பலகை தானாகக் காய்ந்திருக்கும்.

21. தோப்பு வீட்டு மொட்டைமாடிக்கு எதிரி இலைதான். மழைநீர்க் குழாய் வாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்து, ஒவ்வொன்றிலும் கம்பிக் கூடை மாட்டுங்கள். தளத்துக்கு ஓட்டம் நன்றாக இருக்கட்டும். சன்ஷேடின் மேலும் சரிவு வேண்டும். அங்கே இலை அடைத்துத் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். கூரைக்கு மேலே எந்தக் கிளையும் நீளக் கூடாது. மேல்தளத்தில் தட்டோடு பதித்தால் வெப்பம் குறையும். ஆண்டிமடத்துக்குத் தெற்கே கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியபோது செங்கல் சுவரோடு கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்தன. ஆயிரம் வருடத்துக்கு முன் இந்த வெயிலில் அரண்மனை கட்டியவர்களும் கூரைக்குச் சுட்ட மண்ணைத்தான் நம்பினார்கள்.

22. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பெயருக்கு ஒரு குழாய் இறக்கிப் போட்டோ எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் விழுகிறது. முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை வடிகட்டித் தொட்டிக்கும், நிரம்பியதைப் போர்வெல் பக்கத்து உறைக்குழிக்கும் விடுங்கள். மரத்தடியைச் சுற்றி அரையடிப் பள்ளமாகப் பாத்தி பிடித்தால் மிச்சத்தை மரமே வாங்கிக்கொள்ளும்.

23. சோலார் போட எண்ணம் இருந்தால் வரைபடத்திலேயே இடம் ஒதுக்குங்கள். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். மார்கழி நடுப்பகலில் 30 அடி மரத்தின் நிழல் வடக்கே சுமார் 20 அடி விழும். ஆகவே பேனலுக்குத் தெற்கே உயர்ந்த மரம் வேண்டாம். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூட அந்த வரிசையின் உற்பத்தியையே குறைத்துவிடும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மேற்கு நிழல் வீட்டுக்கு, தெற்கு வெயில் பேனலுக்கு என்று பிரித்துக்கொண்டால் மரத்துக்கும் மின்சாரத்துக்கும் சண்டை வராது.

குடிவந்த பிறகு

24. புயல், தீ, பாம்பு மூன்றையும் வருடக் காலண்டரில் எழுதிவையுங்கள்.
புரட்டாசியில் கிளை கழியுங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்தால் கூரைமேல் விழும் மரம் எது என்று பார்த்து அதன் பாரத்தைக் குறையுங்கள்.
மாசியில் சருகு கூட்டுங்கள். முந்திரிச் சருகு பஞ்சுபோலப் பற்றும். வீட்டைச் சுற்றி முப்பது அடிக்குச் சருகு சேர விடாதீர்கள். கொளுத்தாமல் எருக்குழிக்குத் தள்ளுங்கள். தீயணைப்பு வண்டி நுழையக் கேட் பன்னிரண்டு அடி அகலமும், பாதைக்கு மேலே பதினைந்து அடிவரை கிளையின்றியும் இருக்கட்டும். எம்-சாண்ட் லாரி வருவதற்கும் அதே அளவு வேண்டும்.
வருடம் முழுக்கப் பாம்புக்கு எச்சரிக்கை வேண்டும். சுவரை ஒட்டி விறகு, செங்கல், தேங்காய் மட்டை அடுக்காதீர்கள். கதவடி இடைவெளியை அடையுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய்க்கு வலை மாட்டுங்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கடித்தால் கீறுவது, கட்டுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ விரையுங்கள்.

25. வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு கன்று வையுங்கள். அதைப் புதுமனை புகுவிழா அன்று வைக்காமல் கடைக்கால் போட்ட அன்றே வையுங்கள். வீடு முடியும்போது அதற்கும் ஒரு வயது ஆகியிருக்கும். முந்திரி வைப்பதானால் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 ஒட்டுக்கன்று கேட்டுப் பாருங்கள். ஒட்டுக்கன்று மூன்றாம் வருடமே காய்க்கத் தொடங்கும். செப்டிக் டேங்க், கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். அதன் மேலும் குழாய் ஓடும் பாதையிலும் மரக்கன்று வேண்டாம், வாழை போதும்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஜே.சி.பி.க்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நூல்கண்டும் ஒரு கூடைச் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மனைக்குப் போங்கள். வீடு வரும் இடத்தை மரங்களுக்கு நடுவே நூல் பிடித்துக் கோடு போடுங்கள். கோட்டுக்குள் நிற்கும் மரம் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணை மட்டும் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அவர் வேலை செய்யும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.